தலைவர் போனால் கூட்டமும் போகும்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் உதவிப் பயிற்சியாளர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களின் மனத்தில் தங்குவது பெரும்பாலும் மைதான ஓரத்தில் காதில் ஹெட்செட்டுடன் நிற்கும் தலைமைப் பயிற்சியாளரின் முகம்தான். நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு நாள்தோறும் உண்மையில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்களும், பள்ளி மாணவர்களைத் தேடிப்பிடித்து அணிக்கு அழைத்து வருபவர்களும் அவருக்குப் பின்னால் நிற்கும் உதவிப் பயிற்சியாளர்கள். இந்த வேலைக்கு ஒருவர் எப்படி வருகிறார், எப்படி உயர்கிறார், ஏன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றுகிறார் என்பதை, இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். இங்கே ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனி வீரர்கள் உண்டு என்பதால் ஓர் அணி உண்மையில் இரண்டு அணிகளுக்குச் சமம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்மட்டப் பிரிவில் 2025 பருவத்தில் 136 பல்கலைக்கழக அணிகள் ஆடின. அதாவது நாடு முழுவதும் மேல்மட்டத் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலிகள் 136 மட்டுமே. அவர் ஒவ்வொருவரின் கீழும் முழுநேர உதவிப் பயிற்சியாளர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். 2018 ஜனவரி வரை அந்த எண்ணிக்கை ஒன்பதாக இருந்தது.

இந்தப் பத்துப் பேரும் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்கு ஒருவர், பந்தைச் சுமந்து ஓடுபவர்களுக்கு ஒருவர், எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்களுக்கு ஒருவர், முன்வரிசையில் மோதி வழிவிடும் கனத்த வீரர்களுக்கு ஒருவர் என்று ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பயிற்சியாளர் உண்டு. தற்காப்பிலும் அப்படியே. இவர்களுக்கு மேல் இருவர் ஒருங்கிணைப்பாளர்கள்: ஒருவர் தாக்குதலுக்கு, மற்றவர் தற்காப்புக்கு. எந்தச் சமயத்தில் எந்த ஆட்டமுறை என்று ஆட்டத்தின் நடுவே முடிவெடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரே அதைத் தன் கையில் வைத்துக்கொள்வதும் உண்டு.

இந்த ஏணியில் கால் வைக்கும் முதல் படி, பலருக்கும், கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்னும் வேலை. ஆட்டக்காரராக இருந்து பட்டம் பெற்ற ஒருவர் அதே பல்கலைக்கழகத்திலோ வேறொன்றிலோ முதுகலைப் படிப்பில் சேர்கிறார். படிப்புக் கட்டணமும் சிறிய உதவித்தொகையும் கிடைக்கும். பதிலுக்கு அவர் நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் அணிக்காக உழைக்க வேண்டும். வரும் சனிக்கிழமை எதிர்த்து ஆடப்போகும் அணியின் பழைய ஆட்டப் பதிவுகளை ஒவ்வொரு நகர்வாக வெட்டி, இது எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம் போக வேண்டும், வீரர்கள் எந்த அணிவகுப்பில் நின்றார்கள் என்று கணினியில் குறித்துவைப்பது அவருடைய வேலை. அதைவிடக் கண்ணில் தங்குவது அட்டை வரையும் வேலை. எதிரணி ஆடக்கூடிய ஒவ்வொரு நகர்வையும் பெரிய அட்டையில் தடித்த மார்க்கரால் வட்டங்களும் கோடுகளுமாக வரைந்து, பயிற்சியின்போது அந்த அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். ஆட்டத்தில் இடம் கிடைக்காத வீரர்கள் அதைப் பார்த்து எதிரணியைப் போலவே ஆடிக்காட்ட, முதன்மை வீரர்கள் அதை முறியடிக்கப் பழகுகிறார்கள். அட்டையில் ஒரு கோடு தவறினால் பயிற்சி நின்றுவிடும், திட்டு மைதானத்துக்கே கேட்கும். நூறு நூறாக இப்படி அட்டை வரைகிறவருக்கு ஆட்டத்தின் இலக்கணம் கை வழியாகவே ஏறிவிடுகிறது. படிப்பு என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற குறையும் நியாயமானதுதான். ஆனால் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தத் தொழிலில் இல்லை என்பதும் உண்மை.

வேறு வாசல்களும் உண்டு. உயர்நிலைப் பள்ளி அணிகளில் பயிற்சியளித்துப் பெயரெடுத்துக் கல்லூரிக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆர்கன்சா மாநிலப் பள்ளிகளில் வேகமான ஆட்டமுறையால் புகழ்பெற்ற கஸ் மால்ஸான், 2006இல் நேராக ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆனார். 2013இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டார். அது அரிய பாய்ச்சல். டான் லானிங்கின் கதைதான் பொதுவழக்குக்கு அருகில் இருக்கிறது. மிசூரியில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கேட்பதற்காக இரவெல்லாம் காரோட்டிச் சென்றார். 2015இல் அலபாமாவில் கிராஜுவேட் அசிஸ்டென்ட், 2019இல் ஜார்ஜியாவின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர், 2022 பருவத்திலிருந்து ஆரிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் என்று அவருடைய பாதை விரைந்தது.

ஆனால் படிகளை மட்டும் வரிசைப்படுத்திக் காட்டினால் இந்தத் தொழில் புரியாது. ஒருவருக்கு வேலை தருவது பல்கலைக்கழகம் என்பது காகித உண்மை. தருபவர் தலைமைப் பயிற்சியாளர். கட்டட வேலைக்கு மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து, வேலை முடிந்ததும் தன் ஆட்களோடு போவதைப் போலத்தான் இங்கும். ஆகவே உதவிப் பயிற்சியாளரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும்போது பார்க்க வேண்டியது அவர் வேலை செய்த ஊர்களின் பெயர்களை அல்ல, அவரை அங்கே அழைத்தவர் யார் என்பதை.

கெர்பி ஸ்மார்ட்டை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தற்காப்பு வீரராக இருந்த அவர், 2000இல் வால்டோஸ்டா ஸ்டேட் என்னும் இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கே அப்போது தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் ஜார்ஜியாவில் முன்பு ஆடிய வில் மஸ்சாம்ப். மஸ்சாம்ப் எல்.எஸ்.யூ. என்னும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அந்த இடம் ஸ்மார்ட்டுக்குக் கிடைத்தது. அடுத்து அவர் செய்ததுதான் கவனிக்கத் தக்கது: ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டத்தை விட்டுவிட்டு, 2002இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்டாக, அதாவது அட்டை வரையும் நிலைக்கே, இறங்கிப் போனார். பெரிய அணியின் கதவுக்குள் ஒரு காலாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. அது பலித்தது. 2004இல் எல்.எஸ்.யூ.வில் அவருக்குப் பின்களத் தற்காப்பு வீரர்களின் பயிற்சியாளர் வேலை கிடைத்தபோது, அங்கே தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் அதே மஸ்சாம்ப்; தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன். சேபன் தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனபின் 2006இல் ஸ்மார்ட்டை அங்கே அழைத்துக்கொண்டார்; 2007இல் அலபாமாவுக்கு வந்தபோதும் உடன் அழைத்து வந்தார். 2008 முதல் 2015 வரை எட்டுப் பருவங்கள் அலபாமாவின் தற்காப்பை நடத்திய ஸ்மார்ட், பிறகு தாம் ஆடிய ஜார்ஜியாவுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி, 2021, 2022 பருவங்களில் தேசியப் பட்டம் வென்றார். இரண்டு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து நீக்கப்பட்ட மஸ்சாம்ப் 2021இல் வேலைக்குச் சேர்ந்த இடம் ஜார்ஜியா. அங்கே அப்போது ஸ்மார்ட் முதலாளி, மஸ்சாம்ப் உதவியாளர். இதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இந்தத் தொழிலின் இயல்பான சுழற்சி அது.

தலைமைப் பயிற்சியாளர்கள் ஓர் உதவியாளரிடம் எதிர்பார்ப்பவை இரண்டு: சொல்லிக்கொடுக்கும் திறன், ஆள் சேர்க்கும் திறன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதலாவதைப் பெரிதாக நினைக்கிறார்கள். என் கணிப்பில், இடைநிலைப் படிகளில் ஒருவரை மேலே தூக்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ரெக்ரூட்டிங் எனப்படும் இந்த ஆள்சேர்ப்பு எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு உதவிப் பயிற்சியாளருக்கும் ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்படுகிறது. ஒருவருக்கு அட்லாண்டா நகரத்தின் ஒரு பக்கம், இன்னொருவருக்குத் தெற்கு ஃபுளோரிடா, மற்றொருவருக்கு ஹூஸ்டன் சுற்றுவட்டாரம். அந்தப் பகுதிப் பள்ளிகளின் பயிற்சியாளர்கள் எல்லாரையும் அவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பள்ளி ஆட்டங்கள் வழக்கமாக நடக்கும் வெள்ளிக்கிழமை இரவில், மறுநாள் தம் அணிக்கு ஆட்டம் இருந்தாலும், எங்கோ ஒரு பள்ளி மைதானத்தில் கையில் குறிப்பேட்டுடன் நின்றுகொண்டிருப்பவர் அவராக இருக்கலாம். பிறகு வீட்டுக்குப் போகும் நாள் வருகிறது. கல்லூரியின் சின்னம் பொறித்த சட்டையுடன் சோபாவில் அமர்ந்து, பதினேழு வயதுப் பையனிடம் பேசுவதைவிட அதிகமாக அவனுடைய அம்மாவிடமும் பாட்டியிடமும் பேச வேண்டும். பையன் எந்தப் பாடம் படிப்பான், ஞாயிற்றுக்கிழமை யார் அவனை தேவாலயத்துக்கு அழைத்துப் போவார்கள், காயம்பட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வைத்த சாப்பாட்டை மறுக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. எழுதப்பட்ட விதிகளோ ஏராளம். எந்த மாதத்தில் நேரில் சந்திக்கலாம், எப்போது தொலைபேசியில் மட்டும் பேசலாம் என்று என்.சி.ஏ.ஏ. நாட்காட்டி வகுத்திருக்கிறது. கடுமையாக விதி மீறியவர் மீது அந்த அமைப்பு விதிக்கும் ஷோ காஸ் தண்டனை, அவரைப் பின்னாளில் வேலைக்கு எடுக்க நினைக்கும் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தும் என்பதால், பலருடைய தொழில் அத்தோடு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பையனைச் சேர்த்துவிட்டு, அவன் கல்லூரிக்கு வந்து சேரும்போது அந்தப் பயிற்சியாளரே அங்கே இருக்க மாட்டார் என்பது அடிக்கடி நடக்கிறது. நவம்பர் கடைசி வாரத்தில் வழக்கமான பருவம் முடியும். அதற்கடுத்த சில நாள்களில் தோற்ற அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்கள் நீக்கப்படுகிறார்கள். அவர்களைப் பிடித்துத் தொங்கும் பத்துக் குடும்பங்களும் அதே நாளில் நிச்சயமில்லாமல் ஆகின்றன. புதிதாக வருபவர் பழையவர்களில் ஒருவரையோ இருவரையோ, பெரும்பாலும் ஆள்சேர்ப்பில் கெட்டிக்காரரை, வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஒப்பந்தத்தில் மீதி இருக்கும் சம்பளம் மட்டும்தான். ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கானவை. இன்னொரு பக்கம், தம் தலைமைப் பயிற்சியாளர் வென்றுகொண்டிருந்தாலும் ஆபத்து உண்டு. அவரைப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று கொத்திக்கொண்டு போனால், உடன் அழைக்கப்படுபவர் யார், விடப்படுபவர் யார் என்பது ஒரு தொலைபேசி அழைப்பில் தெரியும். ஜனவரியில் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர்கள் சங்கம் நடத்தும் ஆண்டு மாநாட்டில் கருத்தரங்குகளைவிட ஹோட்டல் முகப்புக் கூடத்தில் நடக்கும் பேச்சுகள் முக்கியமானவை என்று சொல்வது இதனால்தான். வேலை இழந்தவர்களும் ஆள் தேடுபவர்களும் அங்கே தான் சந்தித்துக்கொள்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் எல்.எஸ்.யூ.வின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த டேவ் அராண்டா ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் வீதம் நான்கு ஆண்டு ஒப்பந்தம் பெற்றார். அவர் உதவிப் பயிற்சியாளர்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே தொழிலின் மறுமுனையில், சிறிய கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைக்கூட எட்டாமல் காலம் தள்ளுகிறார்கள்.

தலைமைப் பதவியிலிருந்து விழுந்தவர்கள் எங்கே போகிறார்கள்? இதற்கு விசித்திரமான ஒரு பதிலைச் சேபன் அலபாமாவில் உருவாக்கினார். மைதானத்தில் வீரர்களுக்குப் பயிற்சியளிக்க அப்போது அனுமதியில்லாத, ஆனால் திரைக்குப் பின்னால் ஆட்டப் பதிவுகளை ஆராயும் அனலிஸ்ட் என்ற வேலைக்கு, நீக்கப்பட்ட தலைமைப் பயிற்சியாளர்களை அவர் எடுத்தார். டென்னசி பல்கலைக்கழகம் 2017இல் நீக்கிய பட்ச் ஜோன்ஸுக்கு அந்தப் பல்கலைக்கழகம் எட்டு மில்லியன் டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அலபாமாவில் அவருக்கு ஆண்டுச் சம்பளம் 35,000 டாலர் என்று அப்போது செய்தி வந்தது. புதிய இடத்தில் சம்பளம் கூடினால் பழைய இடம் தர வேண்டிய தொகை குறையும் என்பதுதான் இத்தகைய ஒப்பந்தங்களின் சூட்சுமம் என்பதால், குறைந்த சம்பளம் அலபாமாவுக்கும் ஜோன்ஸுக்கும் லாபம். ஜோன்ஸ் 2020 டிசம்பரில் ஆர்கன்சா ஸ்டேட் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஸ்டீவ் சார்க்கீசியனும் 2016இல் இதே அனலிஸ்ட் நாற்காலியில் அமர்ந்தவர். பிறகு அலபாமாவின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராகி, 2020இல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதைப் பெற்று, 2021இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். 1996 முதல் வழங்கப்படும் அந்த விருது, ஆர்கன்சாவின் பழைய தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பிராய்ல்ஸின் பெயரைத் தாங்கியது. பின்னாளில் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர்களான பாரி ஸ்விட்சர், ஜிம்மி ஜான்சன், ஜோ கிப்ஸ் ஆகியோர் அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்.

தலைமைப் பதவிக்கான வழக்கமான வாசல் ஒருங்கிணைப்பாளர் பதவி. எந்த நிலையின் பயிற்சியாளர் ஒருங்கிணைப்பாளராக உயர்கிறார் என்பதில் ஒரு சாய்வு நெடுநாளாக இருந்துவருகிறது. குவார்ட்டர்பேக் பயிற்சியாளர்களை ஆட்டத்தின் மூளை என்றும், ஓட்டக்காரர்களின் பயிற்சியாளர்களை ஆள்சேர்ப்பில் வல்லவர்கள் என்றும் முத்திரை குத்தும் வழக்கம் அது. இந்த இரண்டாம் வகை வேலைகளிலேயே கறுப்பினப் பயிற்சியாளர்கள் அதிகம் தேங்கிவிட்டார்கள். வீரர்களில் பெரும்பங்கினர் கறுப்பினத்தவராக இருந்தும் தலைமைப் பயிற்சியாளர்களில் அவர்கள் சிலரே என்ற நிலைக்கு இது ஒரு காரணம். தெற்குப் பல்கலைக்கழகங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராகச் சில்வெஸ்டர் க்ரூம், மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றபோது 2003ஆம் ஆண்டு முடியப்போகிறது. அதற்குமுன் அவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டார். ஆசிய வம்சாவளியினரான நார்ம் சௌ, பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 1973 முதல் 1999 வரை பணிபுரிந்து, நாட்டின் கூர்மையான தாக்குதல் மூளைகளில் ஒருவர் என்று பெயர் பெற்றும், 2011 டிசம்பரில் ஹவாய் பல்கலைக்கழகம் தலைமைப் பொறுப்பைத் தந்தபோது அவருக்கு வயது 65. விதிவிலக்குகளும் இல்லாமல் இல்லை. கிளெம்சனில் பந்து பிடிப்பவர்களின் பயிற்சியாளராக இருந்த டேபோ ஸ்வின்னி, 2008 அக்டோபரில் பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளர் விலகியதால் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, நிரந்தரமாகி, இரண்டு தேசியப் பட்டங்களை வென்றார். அதற்குமுன் அவர் எங்கும் ஒருங்கிணைப்பாளராக இருந்ததில்லை. இடையில் ஈராண்டுகள் ஃபுட்பாலை விட்டே விலகி ரியல் எஸ்டேட் வேலை பார்த்தவர்.

எல்லோரும் மேலே ஏறத்தான் நினைக்கிறார்கள் என்று கருதுவதும் தவறு. வர்ஜீனியா டெக் அணிக்கு ஃபிராங்க் பீமருடன் 1987இல் வந்த பட் ஃபாஸ்டர், 1995 முதல் 2019 வரை அங்கேயே தற்காப்பை நடத்தினார். பீமர் ஓய்வு பெற்றபின் வந்த புதிய தலைமைப் பயிற்சியாளரும் அவரை விடவில்லை. ஒரே ஊரில் பிள்ளைகளை வளர்த்து ஓய்வு பெற்ற ஒருங்கிணைப்பாளர் என்ற வகையில் அவர் அபூர்வம். கர்ட் சிக்னெட்டி வேறொரு வழியைக் காட்டினார். அலபாமாவில் சேபனிடம் நான்கு பருவங்கள் இருந்துவிட்டு, சம்பளம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தே, 2011இல் பென்சில்வேனியாவின் ஓர் இரண்டாம் பிரிவு அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இலான், ஜேம்ஸ் மேடிசன் என்று படிப்படியாக வந்து, 2024இல் நெடுங்காலமாகத் தோல்விக்குப் பெயர்போன இந்தியானா பல்கலைக்கழகத்தில் தம் முதல் பருவத்திலேயே 11 ஆட்டங்களை வென்று, தேசியப் பட்டத்துக்காக 12 அணிகள் ஆடும் பிளேஆஃப் சுற்றுக்கு அதைக் கொண்டுசென்றார்.

அண்மைக் காலத்தில் இந்தப் பாதையின் தரை நகரத் தொடங்கியிருக்கிறது. வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பெயர் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது. தம் பெயரையும் முகத்தையும் வைத்து அவர்கள் பணம் சம்பாதிக்க 2021 ஜூலையில் அனுமதி கிடைத்தது. இதனால், சேர்த்த பையனை அடுத்த ஆண்டும் தக்கவைக்க மறுபடி பேச வேண்டிய வேலை உதவிப் பயிற்சியாளரின் தலையில் விழுந்தது. பணப் பேச்சையும் வீரர் பட்டியலையும் கவனிக்கத் தொழில்முறை அணிகளைப் போல ஜெனரல் மேனேஜர் என்றொரு பதவி பல பல்கலைக்கழகங்களில் உருவாகியிருக்கிறது. பயிற்சியாளராக விரும்பாமல், ஆள் தேர்வில் மட்டும் நாட்டமுள்ள இளைஞர்களுக்கு அது தனி ஏணி. இன்னொரு மாற்றம் 2024 கோடையில் வந்தது: அதுவரை மைதானத்தில் வாய் திறக்கக் கூடாது என்றிருந்த அனலிஸ்டுகளும் வீரர்களுக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தியது. வெளியூருக்குப் போய் ஆள் சேர்க்கும் உரிமைக்கு மட்டும் பழைய எண்ணிக்கை வரம்பு அப்படியே நீடித்தது. ஆக, ஒரு பெரிய அணியில் இன்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருபது பேர்கூட இருக்கலாம். ஆனால் அவர்களில் தலைமைப் பயிற்சியாளரையும் சேர்த்து 11 பேர்தான் ஒரு பையனின் வீட்டுச் சோபாவில் போய் அமர முடியும். புதிதாக வேலை தேடும் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் பதினொருவரில் தாமும் ஒருவரா என்பது; இரண்டாவது, தம்மை அழைத்த தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்பது.